ஆறாவது பத்தியில் ஒரு திருத்தம்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கடும் பனி. எட்டரை வரைக்கும் ராஜகிரி மலையே காணோம். துணி காயவில்லை.

செய்ய வேண்டியவை:
– கறுப்பு மார்க்கர். சிவப்பில் எழுதினால் வகுப்பில் தண்டபாணி அண்ணனுக்குக் கண் கூசுகிறதாம்.
– நைனாவுக்கு பிரஷர் மாத்திரை.
– ரேஷனில் பருப்பு வந்ததா என்று கேட்க.
– ஏழுமலை அண்ணன் கொடுத்த பேப்பரைப் படித்துத் திருத்த.

கடைசி வேலையைக் கடைசியில் போட்டதற்குக் காரணம் உண்டு. ஏழுமலை அண்ணன் வக்கீல் குமாஸ்தா. பத்து வருடமாக அவர் ஆங்கிலத்தை நான்தான் திருத்துகிறேன். நோட்டீஸ், அஃபிடவிட், மனு எல்லாம். "டீச்சர், இங்க ஹேஸ் வருமா ஹேட் வருமா, பாத்துச் சொல்லுங்க" என்று பேப்பரோடு மாடியேறி வருவார். சொல்லி அனுப்புவேன். இன்றைக்கு அவர் கொண்டு வந்தது என்னுடைய மனு. நானும் குமரவேலும் சம்மதத்தோடு பிரிவதற்கான மனு.

"வேற யாரையாவது வச்சிப் பாத்துக்கலாம்னு சார்கிட்ட சொன்னேன் டீச்சர். செஞ்சியில வேற யாருய்யா இருக்காங்கன்றாரு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவம், மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேப்பரை வாங்கி வகுப்பு ரிஜிஸ்டருக்குள் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இல்லை, அதற்கடுத்த வெள்ளி கையெழுத்து.

வகுப்பு வழக்கம்போல மருந்துக் கடை மாடியில், ஐந்து மணிக்கு. ஒன்பது பேர். இந்த இரண்டு வாரமும் பிரசன்ட் பெர்ஃபெக்ட். இனிமேல் இந்த நோட்டில் பி.பெ. அதன் சக்களத்தி சிம்பிள் பாஸ்ட், சி.பா. எது எங்கே வரும் என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். குமரவேலை கு. என்று போடுகிறேன். முழுப்பெயர் எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி குறைவு. மார்க்கர் வாங்கியாயிற்று. பருப்பு வரவில்லை.

வழக்கமான சாவி உதாரணம். "ஐ லாஸ்ட் மை கீ." சாவியைத் தொலைத்தேன், அது பழைய கதை, அப்புறம் கிடைத்தும் இருக்கலாம். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ." இன்னும் கிடைக்கவில்லை, பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறேன். நடந்தது முடிந்துபோனாலும் அதன் பாரம் இப்போது யார் தலையில் இருக்கிறதோ, அவர்களுக்கு பி.பெ. பதினோரு வருடமாக இதே சாவி. பசங்களுக்குப் புரிகிறது.

நர்ஸ் சங்கீதா கையைத் தூக்கினாள். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறாள், வகுப்பிலேயே சூட்டிகையானவள். "லாஸ்ட் நைட் இட் ஹேஸ் ரெய்ன்ட்" என்றாள். நேற்று, போன வாரம், ராத்திரி என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேஸ் வராது என்றேன்.

"ஏன் மேடம்? 'ராத்திரி மழ பெஞ்சிருக்குது'ன்னுதான நம்ம சொல்றோம்? அது தப்பா?"

தப்பில்லை. நாம் தூங்கி எழுந்து ஈரத் தரையைப் பார்க்கிறோம். கண்ணால் பார்க்காத மழையைச் சொல்ல நமக்கு 'பெஞ்சிருக்குது' வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் அப்படி இல்லை. நேரம் தெரிந்துவிட்டால் சி.பா. போட்டுக் கதவைச் சாத்திவிடும். இந்த ஊரில் எல்லாரும் செய்கிற தப்பு இது. திருத்தித் திருத்தி எனக்கும் ஓய்ந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து மனுவில் நாலு பத்தி படித்தேன். கல்யாணத் தேதி சரி. கு.வின் ஊரான சிங்கவரம் என்பதில் ஓர் எழுத்து தப்பு. நாலாவது பத்தியில், ஒன்றரை வருடமாகப் பிரிந்து வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று. "ஹேவ் பீன் லிவிங் செபரேட்லி." அங்கே சும்மா 'லிவ்ட்' போடக் கூடாது, பிரிவு இன்றுவரை தொடர்ந்தால்தான் மனு நிற்கும் என்று ஏழுமலை அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. டீ வாங்கிக் கொடுத்தார்.

தப்பு எதுவும் இல்லை. நாலாவது பத்தி சரி.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. நைனாவுக்குச் சளி. மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போகிறேன் என்று அடம். போகவிடவில்லை.

ஆறாவது பத்தி படித்தேன்.

"நோ சைல்ட் ஹேஸ் பீன் பார்ன்." இந்தத் திருமணத்தில் குழந்தை எதுவும் பிறந்ததில்லை.

அப்புறம் எழுந்து குழம்பு வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். நைனா மோர் ஊற்றிக் கலந்து சாப்பிட்டார்.

அந்த வரி என்னுடையது. ஏழு வருடத்துக்கு முன் யாரோ ஒரு ஜோடிக்காக ஏழுமலை அண்ணன் 'வாஸ்' என்று எழுதி வந்தார். கல்யாணம் இன்னும் முறியவில்லை, இந்த நிமிடம்வரை பிறக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அதனால் 'ஹேஸ் பீன்' என்று அடித்துத் திருத்தினேன். அதை அவர் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டார். குழந்தை இல்லாத ஜோடி வந்தால் பெயர், ஊர், தேதியை மாற்றுவார். ஆறாவது பத்தியைத் தொடவே மாட்டார். ஊரில் எத்தனை பேர் என் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் போனார்களோ. அப்போதெல்லாம் ஒரு தடவைகூட அவர்களை நினைத்ததில்லை.

எங்களுக்குப் பிறந்தது. பெண். எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே. பத்தொன்பது நாள் இருந்தாள்.

இப்படி எழுதி நாலு வருடம் ஆகிறது. இல்லை, இதுவரை எழுதினதே இல்லை.

பீரோவில் புடவைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தேன். இரண்டு சான்றிதழ். பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. இரண்டிலும் பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பது. அதற்கு முன்னால் போனால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். படம் மாட்ட மாட்டார்கள், திதி கொடுக்க மாட்டார்கள். பெண்கள் குழிக்குப் போகவும் கூடாது. கு.வும் அவர் அண்ணனும் ஒரு துண்டில் சுற்றி ஆட்டோவில் எடுத்துப் போனார்கள். சிங்கவரத்தில் அவர்கள் கொல்லையில் எங்கோ. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் ட்ரிப்புக்கே டூட்டிக்குப் போய்விட்டார். மலையனூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர். விசில் கூட மறக்காமல் எடுத்துப் போனார்.

அதை நான் மன்னிக்கவே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

வெயில். மாசி பிறந்துவிட்டது. மதியம் மார்க்கெட் கமிட்டி வாசலில் மூட்டை லாரிகள் வரிசை, நடக்க வழியில்லை.

ஏழுமலை அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ஆறாவது பத்தி தப்பு என்றேன்.

"ஹேஸ் பீன்தான டீச்சர்? நீங்க போட்டதுதான்."

"இங்கிலீஷ் தப்பில்லண்ணா. விஷயம் தப்பு."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், கோர்ட்டு இன்னாத்துக்குக் கேக்குது? புள்ள யார்கிட்ட இருக்கும், யாரு பாத்துக்கறதுன்னு முடிவு பண்ணத்தான். உயிரோட இருக்கற புள்ளையத்தான் கேக்குது. இத எழுதனா ஜட்ஜி பத்து கேள்வி கேப்பாரு. உங்களுக்குத்தான் டென்ஷன்."

அவர் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"இப்படி எழுதினா நான் கையெழுத்து போடமாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிரிவது வேண்டாம் என்று இல்லை. அவள் பிறக்கவே இல்லை என்று எழுதி அதற்குக் கீழே என் பெயரைப் போட முடியாது. இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஆட்ட முடியாது.

"அவரும் ஒத்துக்கணுமே டீச்சர். ரெண்டு பேரும் சேந்து குடுக்கற மனுவாச்சே."

அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பஸ்ஸில் யாராவது "எத்தினி பசங்கப்பா?" என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழிக்கிற ஆள். என் காதால் கேட்டிருக்கிறேன். முன்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மாலை வகுப்பு. தண்டபாணி அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. கோட்டைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தானே சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசை. எழுந்து நின்று பேசிக் காட்டினார்: "திஸ் கிங் ஹேஸ் லிவ்ட் ஹியர். ஹி ஹேஸ் பில்ட் திஸ் கல்யாண மஹால்."

"செத்துப்போனவங்களுக்கு ஹேஸ் போடக்கூடாதுண்ணா. லிவ்ட். பில்ட். அவ்வளவுதான்."

"கட்டனது இன்னும் நிக்குதேம்மா?"

"கட்டடம் நிக்குது. ராஜா இல்லையே."

"ஆளு பூட்டா ஹேஸும் பூடுமா?"

"பூடும்ணா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்: செத்தவங்களுக்கு ஹேஸ் இல்லை. போர்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். நல்லவேளை, மார்க்கர் சீக்கிரம் அழியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நைனாவுக்குப் பரவாயில்லை. பருப்பு வந்து தீர்ந்தும் போயிற்றாம்.

இன்றைக்கு 'ஹேவ் யூ எவர்' பயிற்சி. உன் வாழ்க்கையில் எப்போதாவது செய்திருக்கிறாயா என்று கேட்பது. இதற்கு பி.பெ.தான், நாளும் கிழமையும் தேவையில்லை. ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். ரயிலில் போயிருக்கிறாயா, பனமலை ஏரியில் குளித்திருக்கிறாயா, யானை மேல் ஏறியிருக்கிறாயா. ஒரே கலாட்டா. ஒன்பது பேர், ஜோடி பிரித்தால் ஒருவர் மிஞ்சுவார். சங்கீதா மிஞ்சினாள். என்னோடு ஜோடி.

அவள் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குக் கேட்கத் தோன்றியதைக் கேட்டாள்.

"மேடம், ஹேவ் யூ எவர் ஹெல்ட் எ நியூ பார்ன் பேபி?"

இலக்கணம் சுத்தம். ஒரு பிழை இல்லை.

"நோ, ஐ ஹேவ் நாட்" என்றேன்.

அவ்வளவு வேகமாக வந்தது. யோசிக்கவே இல்லை. "வெரி குட், நெக்ஸ்ட்" என்றும் சொன்னேன். மீதி அரை மணி நேரம் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

பொய். வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள். நர்ஸ் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து என் மார்பில் போட்டாள், தோலோடு தோல் இருந்தால் சூடு கிடைக்கும் என்று. அரை மணி நேரம். என் உள்ளங்கை அளவு முதுகு. கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாக்களை உள்ளே விடுவதில்லை.

அவர் பஸ்ஸில் "இல்ல" என்று சொன்னதற்காக அன்று முழுக்கப் பேசவில்லை நான். அப்புறம் ஒரு நாள், "ஒரு நாளாவது அழுதியா நீ?" என்று கத்தினேன், மரியாதைகூட இல்லாமல். அவர் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மலையனூரில் ரூம் எடுக்கப் போனார். இன்றைக்கு நானும் அதே "இல்ல"வைத்தான் சொல்லியிருக்கிறேன், ஆங்கிலத்தில், முழு வாக்கியமாக.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாசி அமாவாசை. வகுப்பு லீவு. மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா, ஊரே அங்கேதான் போகிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. சுண்டல், கொழுக்கட்டை, எலுமிச்சம்பழ மாலை, அழுகிற குழந்தைகள், ஸ்பெஷல் பஸ்.

மாத்திரை வாங்கப் போனேன். கு. பஸ் நின்றிருந்தது. படியில் தொங்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். "மலையனூர் மலையனூர்! உள்ள போ, உள்ள போம்மா, எடம் இருக்குது!" இடம் எங்கே இருக்கிறது. இளைத்திருக்கிறார். காதோரம் நரை. சட்டைக் காலரில் நூல் பிரிந்திருக்கிறது, யாரும் தைத்துக் கொடுக்கவில்லை. எனக்கென்ன.

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறத் தவித்தாள். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் ஏறி, பையை வைத்து, சீட்டு பிடிக்கிற வரைக்கும் ஒரு கையால் கம்பி, ஒரு கையால் குழந்தை. தலையைத் தாங்குவதற்கு விரலை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் குழந்தையைத் தூக்கிப் பழகியவர்கள்தான் அப்படிப் பிடிப்பார்கள். எங்கே பழகினார்? உயிரோடு இருந்தபோது அவளை அவர் கையில் கொடுக்கவே இல்லையே.

மருந்துக் கடையில் "இன்னாம்மா வேணும்?" என்று மூன்று தடவை கேட்டார்களாம்.

ஏழுமலை அண்ணன் போன். "குமரவேலுகிட்ட சொல்லிட்டேன் டீச்சர். வெள்ளிக்கெழம பதினோரு மணி. ஆறாவது பத்தி விஷயம் சொல்லல. நீங்களே நேர்ல பேசிக்குங்க."

பிப்ரவரி 19, வியாழன்

வகுப்பில் டெஸ்ட். ஆறு பேர் பாஸ். தண்டபாணி அண்ணன் ராஜாவுக்கு ஒரு இடத்திலும் ஹேஸ் போடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆறாவது பத்திக்கு மாற்று வரி. ரிஜிஸ்டர் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

1. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். 'ஹேவ்.' கோர்ட் சிரிக்கும்.
2. எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். 'ஹேட்.' சரிதான். அம்மை வந்தது, ஆடு இருந்தது என்பது மாதிரி இருக்கிறது.
3. ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பி.பெ. இப்போதுதான் பிறந்த மாதிரி, யாரோ சர்க்கரை கொடுக்க வருவார்கள்.
4. ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது நாள் வாழ்ந்தது. சி.பா. இரண்டு கதவையும் சாத்தியாயிற்று.

இலக்கணப்படி நாலாவதுதான். பத்து தடவை அதை மற்றவர்களுக்குத் திருத்திக் கொடுத்திருப்பேன். எனக்கு எழுதும்போது பேனா நகரவில்லை. அழுதேன். நைனா டிவி சத்தத்தைக் கூட்டினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

இதே பக்கத்தின் மேலே பழைய பட்டியல் ஒன்று. ஐந்தாம் மாதத்தில் நானும் அவரும் எழுதினது. பெண் என்றால்: இனியா (என் எழுத்து). பச்சையம்மா (அவர் எழுத்து, பெரிசாக, இரண்டு கோடு). "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்று நான் அடித்திருக்கிறேன். "எவன் கிண்டல் பண்றான்னு பாக்கறேன்" என்று அவர் கீழே எழுதியிருக்கிறார். பதினைந்து நாள் இந்தச் சண்டை. தூங்கப் போகும்போது அவர் வேண்டுமென்றே என் வயிற்றைப் பார்த்துப் "பச்சம்மா" என்பார். நான் "இனியா, அப்பா சொல்றதைக் கேக்காத" என்பேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

பதினோரு மணி. வக்கீல் ஆபீஸ். கரண்ட் இல்லை. மாடியில் புழுக்கம். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஏழுமலை அண்ணன், நான், கு. மூன்று பேர்தான். கு. தோளில் பணப்பை, நேராக டூட்டியிலிருந்து.

"சாப்டியா?" என்று கேட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆறாவது பத்தியை நான் எடுத்து, இது தப்பு, மாற்ற வேண்டும் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். குழந்தை எதுவும் பிறந்ததில்லை. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், அது ஓடவும் இல்லை.

"யாரு எழுதனது அப்டி?"

"நான்தான். எப்பவோ. வேற யாருக்கோ."

ஏழுமலை அண்ணன் நடுவில் புகுந்தார். "கரண்ட் இல்ல, பிரிண்ட் எடுக்க முடியாது. பேனாவாலயே அடிச்சித் திருத்திக்குங்க. அடிச்ச எடத்துல ரெண்டு பேரும் பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து போடணும். ரெண்டும் இருந்தாத்தான் செல்லும்."

அந்த வரியை அடித்தேன். மேலே, இடுக்கில், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது நாள் வாழ்ந்தது. பெயர் வைக்கப்படவில்லை. மூன்றும் சி.பா. எழுத்து நேராகவே வந்தது. கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

ஒத்துக்கொள்ள மாட்டார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் வாக்கியம். இரண்டாவது. மூன்றாவதில் விரல் நின்றது.

"இது இன்னா?"

"பேர் வைக்கலைன்னு."

ஏழுமலை அண்ணனிடம் பேனா கேட்டார். மூன்றாவது வாக்கியத்தை அடித்தார். மேலே தமிழில், டிக்கெட் பின்னால் சில்லறை பாக்கி எழுதித் தருகிற அதே கோணல் எழுத்தில், எழுதினார்: இனியா.

பக்கத்தில் கையெழுத்து போட்டார்.

கீழே அடித்த ஹாரன் எங்கோ தொலைவில் மாதிரி கேட்டது.

"எப்ப வச்சீங்க?"

"அன்னிக்குத்தான். மண்ணு தள்றதுக்கு முன்னாடி." பணப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினார். "பேரு இல்லாம எப்டி அனுப்பறது? முப்பதாம் நாளு ஒக்காந்து சொல்றத அங்கியே சொன்னேன். மடியில வச்சிக்கிட்டு, காதுல, மூணு வாட்டி. அண்ணன் வாணான்டா, வழக்கம் இல்லன்னுச்சி. நா கேக்கல."

"உங்களுக்குப் பச்சையம்மான்னுதானே…"

"அது உங்கொரலத்தான கேட்டிருக்கும். நீ எப்பவும் இனியான்னுதான கூப்டுவ. தெரியாத பேரச் சொன்னா அதுக்கு எப்டித் தெரியும்?"

ஏழுமலை அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

வாரைத் திருகுவதை நிறுத்தினார். "சொன்னா நீ அந்தப் பேரச் சொல்லி அழுவ. அது எங்காதுல வுழுந்தா என்னால முடியாது அமுதா."

நாலு வருடம். ஒரே வீட்டில் இரண்டரை வருடம் அந்தப் பெயரை வாயில் அடக்கிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார், விசில் ஊதியிருக்கிறார். நான் அவரைக் கல் என்றேன். என் நைனாவிடம் சொன்னேன், ஊரிடம் சொன்னேன், அவர் முகத்துக்கு நேரேயும் சொன்னேன்.

"எங்க வச்சீங்க?"

"அண்ணன் கொல்லையில. கெணத்துக்கு மேக்கால, மொத வரப்பு. ஒரு கல்லு நட்டிருக்கேன். இப்ப மல்லாட்ட பூ வுட்டிருக்குது, பாத்து நட."

அவர் திருத்தத்துக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். இனியா என்ற பெயருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"பாதி இங்கிலீஷு, பாதி தமிழு, சார் திட்டுவாரு" என்றார் ஏழுமலை அண்ணன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அப்புறம், மீதிப் பக்கங்களை எங்கள் முன் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

கு. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டிப் பக்கங்களை வாங்கினார்.

"இனிமே ஒன்னப் பாக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் தெரியும். இத்தினி நாளும் அதான் தெரிஞ்சிது. நீ நல்லா இரு."

போட்டார். நானும் போட்டேன். எல்லாப் பக்கத்திலும். எனக்கும் அவர் முகத்தில் அந்த ஆட்டோதான் தெரிகிறது. சேர்ந்து வாழ முடியவில்லை என்ற ஐந்தாவது பத்தியும் பொய்யில்லை.

பன்னிரண்டே கால் ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். படியில் ஒரு இடத்தில் காலடிச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

பிப்ரவரி 21, சனி

வெயில் சுட ஆரம்பித்துவிட்டது. வகுப்பு உண்டு. கண் வீங்கியிருந்ததற்குத் தூசி என்று சொன்னேன்.

வகுப்பு முடிந்து சங்கீதாவை நிறுத்தினேன். "திங்கட்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டியே. நான் தப்பா பதில் சொல்லிட்டேன்."

"எந்த கேள்வி மேடம்?"

"பச்சைக் குழந்தையைத் தூக்கியிருக்கீங்களான்னு. யெஸ், ஐ ஹேவ்."

சங்கீதா நோட்டை மூடினாள். வருத்தப்படுகிற முகம் எதையும் காட்டவில்லை. ஐயோ என்று சொல்லவில்லை. நர்ஸ் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "எத்தினி கிலோ மேடம்?"

நாலு வருடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.

"ஆயிரத்து நூத்திப் பத்து கிராம். பன்னெண்டாம் நாள் ஆயிரத்து நூத்தி அறுபது."

"ஏறியிருக்குதே மேடம்!" என்றாள். கண்ணெல்லாம் சந்தோஷம். ஆமாம், ஐம்பது கிராம் ஏறினாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் பரோட்டா சாப்பிட்டோம். மறந்தே போயிருந்தேன்.

தண்டபாணி அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்ட விதி எனக்குப் பொருந்தாது. வாழ்ந்தது அவள், அதற்கு சி.பா.தான், அதை மாற்ற முடியாது. தூக்கி வைத்திருந்தது நான். நான் இன்னும் சாகவில்லை. என் வாக்கியத்துக்கு ஹேவ் உண்டு.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை ஏழே முக்கால். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. சிங்கவரம் டிக்கெட். நைனாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "நானும் வரட்டா?" என்றார். இன்றைக்கு வேண்டாம் என்றேன். பனி இல்லை. மலை சுத்தமாகத் தெரிகிறது.

பையில்: தண்ணீர் பாட்டில், ஒரு முழம் கதம்பம், பிறப்புச் சான்றிதழ். சான்றிதழ் எதற்கு என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, மடியில் கீரைக் கூடை. நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிங்கவரத்துல யாரு வூட்டுக்கும்மா?"

"என் பொண்ணப் பாக்க."

"பொண்ணு அங்கதான் இருக்குதா?"

"ஆமாம்மா. அங்கதான் இருக்குது."

"பேரு இன்னா?"

சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது. முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் ஊதுகிறார், இறங்க வேண்டும்